பதினோராம் நம்பர் அணி மாறிய கோடை

ஏப்ரல் 22

தூக்கம் வராவிட்டால் போனை எடுக்காதீர்கள், மனதில் வருவதை எழுதுங்கள் என்று டாக்டரம்மா சொன்னார். போனையும் எடுத்தாயிற்று, எழுதவும் உட்கார்ந்தாயிற்று. ஆதிரை தூங்குகிறாள். மூக்குக்குக் கீழே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வந்தேன். ஜெயசீலன் பார்த்தால், "மூச்சு விடாம எங்க போகப் போறா, படு ஷீபா" என்பார். அவருக்குப் படுத்தவுடன் தூக்கம் வரும். ஹார்பர் வேலை அப்படி.

எழுத வேண்டியது ஒன்றுதான். கிளமென்ட் போகவில்லை.

சீசன் முடிந்ததிலிருந்து எல்லா இடத்திலும் ஒரே பேச்சு. வங்கக்கரை கால்பந்து அணியின் இடது விங்கர், எங்கள் பதினோராம் நம்பர், தக்காணம் யுனைடெட்டுக்குப் போகிறான் என்று. அதுவும் தக்காணத்துக்கு. போன வருடம் அரையிறுதியில் எங்களைத் தோற்கடித்துவிட்டு, எங்கள் கேலரிக்கு எதிரே வந்து நின்று உதட்டில் விரல் வைத்துக் காட்டிய கூட்டத்துக்கு.

'கிழக்கு கேலரி' பக்கத்தில் பின்னூட்டங்கள் குவிகின்றன. "அட்மின் ப்ரோ, உண்மையா?" "அட்மின் ப்ரோ, நீங்க சொன்னாதான் நம்புவோம்." காலேஜ் இரண்டாம் வருடத்தில் நான் தொடங்கிய பக்கம். அட்மின் ப்ரோ ஒரு கையில் குழந்தையை வைத்துப் பால் கொடுத்துக்கொண்டு மறு கையால் தட்டச்சு செய்கிறாள் என்று இவர்களில் ஒருவனுக்கும் தெரியாது.

கிளமென்ட்டையே கூப்பிட்டுக் கேட்டுவிட்டேன். அவன் எனக்கு வெளியாள் இல்லை. வியாசர்பாடியில் அம்மா வீட்டுக்கு அடுத்த தெரு. என் தம்பி மோசஸும் அவனும் ஒரே அணி, ஒரே ஓரம். மோசஸ் பின்னால் நின்று தடுக்கும் லெஃப்ட் பேக், அவனுக்கு முன்னால் கிளமென்ட். அவன் வீட்டில் சாப்பிட்டதைவிட எங்கள் வீட்டில் சாப்பிட்டது அதிகம்.

"உங்ககிட்ட போய் பொய் சொல்லுவனாக்கா. ஒண்ணியும் இல்ல. எவனோ ஏஜென்ட் கெளப்பி வுட்டுக்கினு கீறான். நீங்க பேஜ்ல போட்டுடுங்க, பசங்க கம்முனு ஆயிடுவானுங்க."

போட்டேன். "பதினொன்று எங்கும் போகவில்லை. இது கிழக்கு கேலரியின் வாக்கு."

இதில் என் சுயநலமும் இருக்கிறது. மே மாதத்தோடு மோசஸின் ஒப்பந்தமும் முடிகிறது. கிளமென்ட் பந்தோடு உள்ளே திரும்பும்போது மோசஸ் வெளிப்பக்கமாக ஓடுவான். அவனைத் தடுக்க எதிரணியில் ஒருவன் போயே ஆக வேண்டும். அந்த இடைவெளியில்தான் கிளமென்ட் அடித்த கோல்கள் எல்லாம். ஒருவன் இருந்தால் இன்னொருவனையும் வைத்துக்கொள்வார்கள். இது கிளப்புக்கும் தெரியும்.

ஏப்ரல் 24

காலை பத்து மணிக்குத் தக்காணம் வீடியோ வெளியிட்டது. அரக்கு நிற ஜெர்சியில் கிளமென்ட். சிரிக்கிறான். நெற்றியில் முடி விழுகிறது.

முடியைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஞாயிறு அன்று அம்மா வீட்டில் பார்த்தபோது ஒட்ட வெட்டியிருந்தான். அப்படியென்றால் இந்த வீடியோ அதற்கும் முன்னால் எடுத்தது. கையெழுத்துப் போட்டு, அவர்கள் ஊருக்குப் போய், ஜெர்சி போட்டு, சிரித்துவிட்டு வந்து, அதற்கப்புறம்தான் என்னிடம் "பொய் சொல்லுவனாக்கா" என்றிருக்கிறான். அறிவிப்பு வரும்வரை ரசிகர்கள் கூச்சல் போடாமல் இருக்க ஒரு ஆள் தேவைப்பட்டது. அந்த ஆள் நான்.

"அட்மின் எவ்ளோ வாங்கினாரு?" "கிழக்கு கேலரி இல்ல, கிளமென்ட் கேலரி." "இந்தாளு வாக்கு குடுத்தாராம்பா."

பக்கத்தை விட்டுப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். சாப்பாட்டு மேஜையில் ஜெயசீலன் சொன்னார்: "ஒரு பிளேயர் டீம் மாறுறான். கிரிக்கெட்ல வருஷா வருஷம் நடக்குது. இதுக்கு ஏன் மூஞ்ச தூக்கி வெச்சிருக்க?"

"அவங்கள்லாம் எங்கம்மா கையால மீன் கொழம்பு சாப்ட்டுட்டா போறாங்க?"

அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

ஏப்ரல் 27

ராகிக் கூழ், மூன்று ஸ்பூன். துப்பியது இரண்டு. கிளமென்ட்டை எல்லா இடத்திலும் அன்ஃபாலோ செய்தேன். அவன் இன்னும் என்னை ஃபாலோ செய்துகொண்டிருக்கிறான். அது இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

மே 2

அவனுடைய பிரியாவிடைப் பதிவு வந்துவிட்டது. கருப்பு வெள்ளைப் படம், மைதானத்துக்கு முதுகைக் காட்டி நிற்கிறான். கோச்சுக்கு நன்றி, பிசியோவுக்கு நன்றி, முதலாளிக்கு நன்றி, பஸ் டிரைவருக்கு நன்றி. இரண்டு முறை படித்தேன். மோசஸ் பெயர் இல்லை. இத்தனை வருடம் இவனுக்குப் பின்னால் ஓடியவன் பெயர் இல்லை.

மோசஸுக்குப் போன் செய்தேன். கிளப்பில் கூப்பிட்டுப் பேசினார்களாம். புதுக் கோச் வேறு திட்டம் வைத்திருக்கிறாராம். "பாத்துட்டு சொல்றோம்" என்றார்களாம்.

"கிளமென்ட் இருந்திருந்தா சொல்லியிருப்பாங்களா?"

"அப்டியெல்லாம் இல்லக்கா."

"அவன் உன்கிட்டயாவது சொன்னானா?"

"பையன் சொல்ல வந்தான். நாந்தான் வாணாம்னுட்டேன். தெரிஞ்சா நான் உங்கிட்ட சொல்லாம இருக்க முடியாது. அவனுக்கு இருபத்தாறுக்கா, இப்ப சம்பாரிக்காம எப்ப சம்பாரிப்பான்?"

"உனக்கு?"

"எனக்கு இன்னா, ஓடற வரைக்கும் ஓடுவேன்."

இவனுக்குக் கோபமே வராது. சின்ன வயதில் எவனாவது அடித்துவிட்டு ஓடினால் நான்தான் துரத்திக்கொண்டு போவேன்.

மே 6

கேலரிப் பையன்கள் பதினோராம் நம்பர் ஜெர்சியை எரித்து வீடியோ போட்டிருக்கிறார்கள். சின்னப்பிள்ளைத்தனம். எரித்த ஜெர்சி அவர்களுடைய காசு. அவனுக்கு என்ன நஷ்டம்?

அவன் கையெழுத்துப் போட்டு எனக்குக் கொடுத்த ஜெர்சியை இன்று நான்காக வெட்டி ஆதிரையின் வாய் துடைக்க வைத்தேன். அதுவும் சரிப்படவில்லை. அந்தத் துணி எதையும் உறிஞ்சவில்லை.

அவனுக்கு வலிக்க வேண்டும். திட்டினால் வலிக்காது. திட்டுகிறவர்களை அவன் எண்ணிப் பார்த்து மகிழ்கிறான் என்று தோன்றுகிறது. எதற்காக எங்களை விட்டுப் போனானோ, அது அவன் கையை விட்டுப் போக வேண்டும்.

குழந்தைக்கு லேசாக உடம்பு சுடுவதுபோல இருந்தது. தெர்மாமீட்டர் சாதாரணம் என்றது. இரண்டாவது தெர்மாமீட்டரும் அப்படித்தான் சொன்னது.

மே 11

இதை முழுதாக எழுத வேண்டும்.

இன்று டேனியல் நினைவுக் கோப்பை இறுதி ஆட்டம். டேனியல் எங்கள் ஏழாவது தெருவின் கோல்கீப்பர். டெங்குவில் போய்விட்டான். அவன் பெயரில் ஒவ்வொரு மே மாதமும் பையன்கள் நடத்தும் போட்டி இது. மோசஸ்தான் கமிட்டிச் செயலாளர். இந்த மண்ணிலிருந்து பெரிய கிளப்புகளுக்குப் போனவர்கள் எல்லாரும் எங்கிருந்தாலும் வந்து ஒரு ஆட்டமாவது ஆடுவார்கள். ஆடக் கூடாது. கிளப்புகளின் ஒப்பந்தத்தில் வெளி ஆட்டம் எதிலும் இறங்கக் கூடாது என்று கறாராக இருக்கிறது. காலில் அடிபட்டால் யார் பொறுப்பு? ஆனாலும் வருவார்கள். ஏரியா அதை மறைக்கும்.

மறைப்பதற்கு ஒரு முறை உண்டு. மைக் பிடிக்கும் ஏசுபாதம் அண்ணன் அவர்கள் பெயரைச் சொல்லமாட்டார்.

"ஏரியா மக்களே, செல்போன பாக்கெட்டுல வெச்சிக்கோங்க. கண்ணு இருக்கு, பாத்துக்கோங்க. ஏழாவது தெரு அணியில இன்னிக்கி மூணு விருந்தாளிங்க. விருந்தாளி நம்பர் நாலு, விருந்தாளி நம்பர் ஏழு, விருந்தாளி நம்பர் பதினொண்ணு. மூணு பேரும் ஊர்லேந்து சித்தப்பா வூட்டுக்கு வந்த புள்ளைங்க."

கிரவுண்டே சிரித்தது. அத்தனை பேரும் போனை உள்ளே வைத்தார்கள். இத்தனை வருடத்தில் ஒரு படம்கூட வெளியே போனதில்லை.

பதினொன்று தொப்பியைக் கழற்றிவிட்டு இறங்கினான். தக்காணத்தில் கையெழுத்துப் போட்டவன். எந்த முகத்தோடு வருகிறான் என்று பார்த்தேன். அதே முகம். மோசஸைக் கட்டிப்பிடித்தான். மோசஸும் கட்டிப்பிடித்தான். மோசஸ் ஆடவில்லை. கிளப் இன்னும் பதில் சொல்லாததால் காலைப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். ஸ்கோர் மேஜையில் உட்கார்ந்திருந்தான்.

அம்மா வீட்டு மொட்டை மாடியிலிருந்து முழு கிரவுண்டும் தெரியும். ஆதிரையின் துணிகளைக் காயப்போட ஏறினேன். அம்மா கீழே இருந்து, "வெயில்ல நிக்காத, பால் கட்டிக்கும்" என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். வாளியைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்தேன்.

இரண்டாம் பாதி. அவன் இடது ஓரத்தில் பந்தை வாங்கி, உள்ளே திரும்பி, அடித்தான். அழகான கோல். நான் கைதட்டப் போனேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். பிறகு ஒருவன் வந்து அவன் கணுக்காலில் மோதினான். கீழே விழுந்து, நொண்டிக்கொண்டு எழுந்தான். முகம் தெளிவாகத் தெரிந்தது.

எல்லாம் பதிவாகிவிட்டது.

மே 12

நன்றாக யோசித்தேன். இது பழி மட்டும் இல்லை. தக்காணம் அவனை வேண்டாம் என்றால் அவன் எங்கே போவான்? வங்கக்கரைக்குத்தான் திரும்ப வருவான். அவன் வந்தால் மோசஸுக்கு இடம் இருக்கும். அவன் கெடுத்ததை நான் சரிசெய்கிறேன், அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்தில் போடவில்லை. புதிதாக ஒரு கணக்கு தொடங்கி, தேதியோடு போட்டு, தக்காணத்தையும் அவர்கள் ரசிகர் பக்கங்களையும் டேக் செய்து கோத்துவிட்டேன். வீடியோவில் கீழே இருந்த குழந்தையின் சத்தம் கேட்டது, ஒலியை எடுத்துவிட்டேன்.

பிறகு ஆதிரையின் நகங்களை வெட்டினேன்.

மே 14

பற்றிக்கொண்டது. தக்காணம் ரசிகர்களே கேட்கிறார்கள்: "நம்ம காசுல வாங்கின கால வெச்சிக்கிட்டு தெருவுல ஆடறானா?" ஒரு விளையாட்டுச் செய்தியாளர், தக்காணத்துக்குப் பிரேசில்காரன் ஒருவன் அதே இடத்துக்குக் கிடைத்திருப்பதாகவும், ஒரு சாக்குக்குக் காத்திருப்பதாகவும் எழுதியிருக்கிறார். சாக்கு போய்ச் சேர்ந்துவிட்டது.

இன்று முட்டைக்கரு கொடுத்தேன். சாப்பிட்டாள். அலர்ஜி வருகிறதா என்று சாயங்காலம்வரை அவள் வயிற்றையும் முதுகையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றும் வரவில்லை.

மே 16

"இரு தரப்பும் பேசி விலகிக்கொள்கின்றன." தக்காணத்தின் அறிக்கை, இரண்டே வரி. அவன் சிரித்த அந்த வீடியோவை எடுத்துவிட்டார்கள்.

நான் மூன்று மாதங்களுக்குப் பிறகு வெங்காயப் பக்கோடா போட்டேன். "இன்னிக்கி என்ன விசேஷம்?" என்றார் ஜெயசீலன். மழை வரும்போல இருந்தது என்றேன். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அவர் ஜன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பக்கோடாவை எடுத்துக்கொண்டார்.

கேலரி கொண்டாடுகிறது. "அட்மின் ப்ரோ, உங்க வாக்கு பலிச்சிடுச்சு." விட்டுப் போனவர்கள் திரும்பி வருகிறார்கள்.

மே 18

வீடியோவின் ஓரத்தில் நீலமாக ஒரு கோடு தெரிகிறது. நான் கவனிக்கவில்லை. நூறு தடவை பார்த்தேன், அவன் முகத்தையே பார்த்தேன். அது அம்மா வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பு. ஏழாவது தெருவில் நீலத் தொட்டி அது ஒன்றுதான்.

அம்மா போனில் அழுகிறார். கமிட்டிக்காரர்கள் மாடிக்கு வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார்களாம்.

மே 19

வீடியோ எடுத்தது மோசஸ் என்று முடிவு செய்துவிட்டார்கள். அவன் அன்று ஆடவில்லை. இரண்டாம் பாதியில் கோப்பையை எடுத்துவர வீட்டுக்குப் போனான். அவன் இடம் போனது கிளமென்ட்டால். இதற்குமேல் அவர்களுக்கு என்ன வேண்டும்?

என்மேல் யாருக்கும் சந்தேகம் இல்லை. துணி காயப்போட வந்த பெண்ணை யார் நினைப்பார்கள்?

மே 25

மோசஸ் வந்திருந்தான். ஆதிரைக்கு ஒரு சின்னப் பந்து. தாடி வளர்த்திருக்கிறான்.

கமிட்டியிலிருந்து எடுத்துவிட்டார்களாம். காலையில் அவனிடம் பந்தாட்டம் பழகும் பிள்ளைகளை வீட்டில் அனுப்பவில்லையாம். கிரவுண்டுக்குப் போனால் பந்து அவன் பக்கம் வருவதில்லை. யாரும் திட்டுவதில்லை, அடிப்பதில்லை. ஆட்டத்தை நிறுத்திவிட்டு நிற்கிறார்கள். அவன் போனபிறகு ஆடுகிறார்கள்.

"நீ எடுக்கலன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். ஏசுபாதண்ணன் கேட்டுச்சு, அப்ப யார்றான்னு."

"நீ என்ன சொன்ன?"

"தெர்லன்னேன்."

ஆதிரை பந்தை வாயில் வைத்துக் கடித்தாள். அதைப் பிடுங்கிக் கழுவிக்கொண்டு வந்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்:

"அன்னிக்கி மாடில யாருக்கா இருந்தது?"

"துணி எடுக்க அம்மா போனாங்கன்னு நெனைக்கிறேன்."

"அம்மாவுக்கு முட்டி வலி, மாடி ஏறி ஒரு வருஷம் ஆவுது."

நான் கஞ்சி கிண்டப் போனேன். அவன் ஆதிரையை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தான். கிளம்பும்போது, "சரிக்கா, வுடு. கிளப்புலேந்து கூப்டா எல்லாம் சரியாப் பூடும்" என்றான்.

அவனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கேட்டிருப்பான்.

ஜூன் 5

"வீடு திரும்பினான்." வங்கக்கரையின் அறிவிப்பு. பதினோராம் நம்பர், நீல ஜெர்சி, இந்த முறை சிரிக்கவில்லை. போன சம்பளத்தைவிடக் குறைவு என்று பேசிக்கொள்கிறார்கள்.

நான் நினைத்தபடியே நடந்துவிட்டது. அப்படியே. இனி மோசஸுக்குப் போன் வரும். அவன் மறுபடி ஆடத் தொடங்கினால் கிரவுண்டுக்காரர்கள் இதையெல்லாம் மறந்துவிடுவார்கள். ஒரு கோலுக்கு வழி போட்டுக் கொடுத்தால் போதும்.

இன்று முதல்முறையாக ஆதிரையின் மூச்சைப் பார்க்காமல் படுக்கப் போகிறேன்.

பார்த்துவிட்டு வந்தேன்.

ஜூன் 9

போன் வந்தது. ஒப்பந்தம் இல்லையாம்.

கிளப்பில் ஜெர்சி, பூட்ஸ் பார்த்துக்கொள்ளும் கிட் மேனேஜர் மோசஸுக்கு நெருக்கம். அவர்தான் சொன்னாராம். கிளமென்ட் சம்பளத்தைப் பற்றிப் பேசவே இல்லையாம். கொடுத்ததற்குக் கையெழுத்துப் போட்டானாம். ஒரே ஒரு நிபந்தனை: மோசஸ் இருக்கும் டிரெஸ்ஸிங் ரூமில் நான் இருக்க மாட்டேன்.

ஜூன் 11

காலையில் ஆதிரையைத் தூக்கிக்கொண்டு வியாசர்பாடி போனேன். அம்மா வீட்டுக்குள் நுழையவில்லை, நேராகக் கிரவுண்டு. கிளமென்ட் தனியாக இருந்தான். செருப்புகளை வரிசையாக வைத்து அவற்றுக்கிடையில் பந்தை ஓட்டிக்கொண்டிருந்தான். கணுக்காலில் இன்னும் கட்டு.

"வாங்கக்கா. பாப்பா உங்கள மாரியே கீது."

"மோசஸ் எடுக்கல."

பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தான்.

"தெரியும்."

"நான்தான் எடுத்தேன்."

"அதுவும் தெரியும்க்கா. மொத நாளே தெரியும். மோசண்ணன் என்னிய நாலு அறை வுட்டாலும் வுடும், படம் எடுக்காது. அந்த வூட்ல என்மேல காண்டா இருந்தது யாரு? நீங்கதான்."

"தெரிஞ்சுமா அவன வெளிய தள்ளின?"

"உங்கள நான் இன்னா பண்ண முடியும்? கொயந்தய வெச்சிக்கினு வூட்டுக்குள்ள கீறீங்க. உங்களுக்கு எங்க வலிக்கும்னு பாத்தேன். அங்க வெச்சேன்."

குரலில் சூடே இல்லை. ஃப்ரீ கிக்கை எந்த மூலையில் வைத்தான் என்று விளக்குவதுபோல் சொன்னான். எனக்கு அந்தக் குரல் பழக்கமானதாக இருந்தது. எங்கே கேட்டேன் என்று தெரியவில்லை.

"நீ என்கிட்ட பொய் சொன்ன, கிளமென்ட். என் வாயால மத்தவங்ககிட்ட பொய் சொல்ல வெச்ச."

"ஆமா, சொன்னேன். அறிவிக்கிற வரைக்கும் வாயத் தொறந்தா டீல் கேன்சல்னு எழுதியிருந்துச்சு. உங்ககிட்ட மட்டும் உண்மைய சொல்லியிருந்தா, பேஜ்ல போடாம இருந்திருப்பீங்களா?"

ஆதிரையை மறு தோளுக்கு மாற்றினேன்.

"அவன் பேரு கூட நீ போடல. பஸ் டிரைவர் பேரு போட்ட."

"மோசண்ணன் பேர போட்டா, அதுவும் என் பின்னாலயே தக்காணத்துக்குப் பூடும்னு நம்ம கிளப்பு நெனைக்கும், காண்ட்ராக்ட் ரெனீவல் பண்ண மாட்டாங்கன்னு அண்ணன்தான் வாணாம்னுச்சு. கேளுங்க போய்."

கேட்கவில்லை. கேட்கப் போவதும் இல்லை. இவன் சொல்வதில் எது உண்மை என்று எப்படித் தெரியும்?

"கமிட்டில போய் சொல்லிடு. மோசஸ் எடுக்கலன்னு நீ சொன்னா நம்புவாங்க."

"நான் ஏன் சொல்லணும்? நீங்க சொல்லுங்க. ஏசுபாதண்ணன் அதோ டீக்கடைலதான் கீது. சொல்லிட்டு வாங்க, நான் பாப்பாவ வெச்சிருக்கேன்."

கை நீட்டினான். ஆதிரை அவனிடம் தாவினாள். அவளுக்கு யாரிடமும் தாவும் புத்தி. நான் இழுத்துப் பிடித்தேன்.

"உங்க அம்மா இந்தத் தெருவுலதான் இருக்கணும், அத்தயும் யோசிச்சுக்கினு போங்க" என்றான். பிறகு ஆதிரையின் இடது கால் பெருவிரலைப் பிடித்து ஆட்டினான். "பாப்பா லெஃப்ட் ஃபுட்டாக்கா?"

டீக்கடையில் கூட்டமாக இருந்தது. ஏசுபாதம் அண்ணன் வேறு ஆட்களோடு பேசிக்கொண்டிருந்தார். நடுவில் போய்ச் சொல்கிற விஷயம் இல்லை. ஆட்டோ பிடித்து வந்துவிட்டேன்.

நாளை போனில் சொல்லலாம்.

ஜூன் 13

ஆதிரைக்குச் சளி. டாக்டர், ஆவி, மூக்கில் சொட்டு மருந்து. போன் செய்ய முடியவில்லை.

ஜூன் 17

சளி சரியாகிவிட்டது.

ஜூன் 24

மோசஸ் கோவாவுக்குப் போகிறான். இரண்டாம் டிவிஷனில் ஒரு அணி, ஒரு வருட ஒப்பந்தம். அணி மாறியதற்கு யாரும் வீடியோ எடுக்கவில்லை, எந்தப் பக்கத்திலும் செய்தி இல்லை. என் பக்கத்திலும் இல்லை. போட்டால் பின்னூட்டத்தில் என்ன வரும் என்று எனக்குத் தெரியும்.

சென்ட்ரலில் வழியனுப்பப் போனோம். அம்மா எலுமிச்சம்பழச் சோறு கட்டிக் கொடுத்தார். ஜெயசீலன் பையைத் தூக்கிக்கொண்டு பெட்டிவரை போனார். ரயில் கிளம்புவதற்குமுன் மோசஸ் ஜன்னலோரம் என்னைக் கூப்பிட்டான்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும்."

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"ராத்திரில முழிச்சிக்கினே இருக்காத. மாமா சொல்லிச்சு. நல்லா தூங்கு. பாப்பாவுக்கு ஒண்ணும் ஆவாது."

"சரிடா."

"அம்மாகிட்ட அடிக்கடி போ. அந்தத் தெருவுல உனக்கு ஒரு பிரச்சனையும் வராது. நான் பாத்துக்கினேன்."

என்ன பார்த்துக்கொண்டான் என்று கேட்கவில்லை. ரயில் சத்தம்.

திரும்பும்போது ஜெயசீலன் கேட்டார்: "மோசஸ் நெஜமா எடுத்திருப்பான்னு நீ நம்புறியா?" இல்லை என்றேன். "அப்ப யாரு?" என்றார். அதற்குள் சிக்னல் விழுந்துவிட்டது. அவர் வண்டியை எடுத்தார். பிறகு அவர் அதைக் கேட்கவே இல்லை. சாப்பிடும்போதும் கேட்கவில்லை, படுக்கும்போதும் கேட்கவில்லை.

ஜூலை 12

இதற்கெல்லாம் காரணம் கிளமென்ட். ஆரம்பித்தவன் அவன். மோசஸ் கோவாவில் அம்மா கைச் சமையல் இல்லாமல் எதையோ தின்றுகொண்டிருக்கிறான், இவன் நீல ஜெர்சியில் இங்கே ஓடிக்கொண்டிருக்கிறான். விடுவதாக இல்லை.

பையன்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். "அட்மின் ப்ரோ, பதினொண்ணு வந்து ஒரு மாசம் ஆகுது, இன்னும் வரவேற்பு போஸ்ட் போடலயே. கோவமா?"

ஒரு மாதம் யோசித்தேன். அவனைத் திட்டி எழுதினால் அவன் ஒரு கோல் அடித்ததும் மறந்துவிடுவார்கள். திட்டு வாங்கியவன் மேல் இரக்கமும் வரும். புகழ்ந்தால் அப்படி இல்லை. புகழ்ந்ததற்குக் கணக்குக் கேட்பார்கள்.

போன வாரம் ஒரு ராத்திரி ஆதிரை தூங்கியதும் உட்கார்ந்தேன். இத்தனை வருடத்தில் நான் எழுதியதிலேயே நல்ல பதிவு அதுதான். அவன் பழைய கோல்களை ஒவ்வொன்றாக அடுக்கினேன். கோல் மட்டும் தெரியும்படி வெட்டினேன். வெளிப்பக்கம் ஓடுகிறவன் எந்தப் படத்திலும் இல்லை. "குறைந்த சம்பளத்துக்கு மண்ணுக்காகத் திரும்பிய வீரன். இந்த வருடம் பதினைந்து கோல். கோப்பையை அவன் தோளில் வைத்திருக்கிறோம்" என்று முடித்தேன். தினமும் ஒன்று போட்டேன். மறுநாள் ஒருவன் பாட்டு கட்டினான். அதற்கடுத்த நாள் கேலரி முழுக்க விரிக்கும் அளவுக்குப் பேனர் செய்யப் பணம் திரட்டத் தொடங்கிவிட்டார்கள். அவன் முகம் மட்டும், வேறு யாரும் இல்லை.

"அட்மின் ப்ரோ மன்னிச்சிட்டாருடா. பெரிய மனசு."

பயிற்சி வீடியோ பார்த்தேன். லெஃப்ட் பேக்கில் பத்தொன்பது வயதில் யாரோ ஒரு பையனைப் போட்டிருக்கிறார்கள். கிளமென்ட் உள்ளே திரும்பும்போது இந்தப் பையன் அப்படியே நின்றுவிடுகிறான். அவன்மேல் மூன்று பேர் வந்து விழுகிறார்கள். கிளமென்ட் கையை விரித்து இடது பக்கம் பார்க்கிறான். அங்கே ஆள் இல்லை. பயிற்சிக்கு வைத்த பிளாஸ்டிக் கோன்தான் நிற்கிறது. அதை மட்டும் நான்கு முறை ஓட்டிப் பார்த்தேன்.

இன்று அவனிடமிருந்து ஒரு செய்தி. "அக்கா ப்ளீஸ். கொஞ்சம் கொறச்சிக்கோங்க. கோச் இப்பவே பதினஞ்சு பதினஞ்சுன்றாரு."

பக்கத்தைத் திறந்தேன். பதினைந்து எதற்கு, எங்கள் பதினொன்று இருபது அடிப்பான் என்று ஒருவன் எழுதியிருந்தான். அதற்கு ஒரு இதயம் போட்டேன்.